ராக் போச்சு என்றார்கள், போனது ரப்பர்!

சுமை வண்டி வைத்திருக்கும் விவசாயிகளிடம் ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது இதுதான்: “கொஞ்சம் ஆட்டம் இருக்கு, ஓட்டி ஓட்டிப் பழகிருச்சு.” கைதான் பழகியிருக்கும். ஆட்டம் அப்படியே இருக்கும், மாதத்துக்கு மாதம் கூடவும் செய்யும். சமவெளிச் சாலையில் நாற்பதில் போகிறவருக்கு அது தெரியாமலே கூடப் போகலாம். மலைச்சாலையில் பாரத்தோடு இறங்குகிறவருக்கு அப்படி இல்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் சாலையை அந்தப் பக்கத்துக் காய்கறி விவசாயிகள் நன்றாக அறிவார்கள். மலையில் விளைகிற பீன்ஸும் அவரையும் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்கு இறங்கும். அப்படி வாரத்துக்கு மூன்று நடை இறங்குகிற ஒரு குடும்பம். இரண்டு ஏக்கர் நிலம், அதில் பீன்ஸ்தான் பிரதானம், ஓரத்தில் வாழையும் கொஞ்சம் மிளகும். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று நான்கு வருடத்துக்கு முன்பு பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார்கள். பானட் வைத்த, பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி. அக்கம்பக்கத்துக் காய்களையும் ஏற்றிக்கொள்வதால் டீசல் செலவு போக மாதத் தவணையும் அதிலேயே கட்டுப்பட்டு வந்தது.

ஆட்டத்தை முதலில் சொன்னது அவருடைய மனைவிதான். அவர் வண்டி ஓட்டுவதில்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருபவர். “ஏனுங்க, நீங்க கையைத் திருப்பினப்புறம்தான் வண்டி யோசிச்சுத் திரும்புது” என்றார். ஒரு வளைவை முடித்து எதிர்ப்பக்க வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தமும் வந்துகொண்டிருந்தது. லீஃப் பட்டை சத்தம் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்தது. இடது ஓரம் ஒதுக்கத் திருப்பிய திருப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தியது. பேருந்து டிரைவர் நின்று வழிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “இதைச் சரி பண்ற வரைக்கும் பிள்ளைய இந்த வண்டியில ஏத்த மாட்டேன்.”

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினார்கள். மெக்கானிக் கண்ணாடி வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். “ராக் போச்சுண்ணே. அசெம்பிளியா மாத்திரலாம், கூலியோட இருபத்திரண்டாயிரம் ஆகும்.” பீன்ஸ் விலை இறங்கிக் கிடந்த நேரம். நகையை அடகு வைப்பதா, வண்டியையே தள்ளிவிடுவதா என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சு ஓடியது. மூன்றாம் நாள் பறிப்பு இல்லை. களத்துக் காங்கிரீட் தரையில் வண்டியை நிறுத்தி, எங்கே ஆடுகிறது என்று முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். பட்டறையில் யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவே இல்லை என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உறுத்தியது நியாயம்தான். ஸ்டியரிங் ஆட்டத்துக்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. மேலே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டு, ஒரு மூட்டு வழியாகப் போய், பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தப் பல், ராக் என்ற பல்வெட்டிய நீளக் கம்பியை இடமும் வலமுமாகத் தள்ளுகிறது. கம்பியின் இரண்டு முனையிலும் டை ராடு. அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட் சக்கரத்தைத் திருப்புகிறது. ராக் கம்பி ஓடுவது ஒரு குழாய்ப் பெட்டிக்குள். அந்தப் பெட்டி சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே உலோகத்தோடு உலோகம் உரசாமலும், சாலையின் அதிர்வு கைக்கு ஏறாமலும் இருக்க வைக்கிற ரப்பர்தான் ராக் புஷ். அந்த ரப்பர் நைந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முதலில் பெட்டியே ஒரு பக்கமாக நகரும். நகர்ந்து முட்டி நின்ற பிறகுதான் உள்ளே இருக்கும் கம்பி சக்கரத்தைத் தள்ளும். முட்டுகிற சத்தம்தான் அந்த ‘டொக்’. அவர் மனைவி சொன்ன ‘யோசிச்சுத் திரும்புது’ என்பதைவிட இதைச் சரியாகச் சொல்ல முடியாது.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். நான்கு சக்கரமும் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஸ்டியரிங் பூட்டு விழாதபடி சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி வைக்க வேண்டும். மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை நான்கு விரல் அளவு இடம், நான்கு விரல் அளவு வலம் என்று திருப்பிக்கொண்டே இருந்தார். பவர் ஸ்டியரிங் வண்டியில் இன்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங் கனமாகத்தான் இருக்கும். சோதனைக்கு அதுவே நல்லது. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுப்பதால், நடுவில் எது தளர்ந்திருக்கிறதோ அது தானாக ஆடிக் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் அடியில் படுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

அவர் டார்ச்சோடு படுத்துப் பார்த்தார். தண்டின் மூட்டில் ஆட்டம் இல்லை. டை ராடு முனைகளில் கை வைத்தார், இல்லை. ராக் பெட்டி மட்டும் ஒவ்வொரு திருப்புக்கும் அரை விரல் அகலம் இடமும் வலமுமாகப் போய்வந்து கொண்டிருந்தது. பத்து வயது மகள் குனிந்து எட்டிப் பார்த்து, “அப்பா, அந்தக் குழாயே நகருது” என்றாள்.

அதோடு நிறுத்தாமல் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தார்கள். கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு பக்கம் சந்தேகப்பட வேண்டும். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆடினால் பேரிங்கோ சஸ்பென்ஷன் பால் ஜாயிண்ட்டோ. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ராக் பெட்டியின் இரண்டு முனையிலும் இருக்கும் மடிப்பு ரப்பர் உறையை அழுத்திப் பார்த்தார். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் ராக்கின் சீல் போய்விட்டது என்று பொருள். அப்படி இருந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரியாகிவிடும். உறை காய்ந்து இருந்தது.

புஷ் செட் உதிரிபாகக் கடையில் தொள்ளாயிரம் ரூபாய். கடைக்காரர் ரப்பரும் காட்டினார், பாலியூரித்தீனும் காட்டினார். பாலியூரித்தீன் கெட்டியானது, எண்ணெய்க்கும் தாங்கும். ஆனால் சாலையின் அதிர்வைக் கூடுதலாகக் கைக்கு அனுப்பும். குண்டும் குழியுமான மலைச்சாலையில் தினமும் ஓட்டுகிறவர் ரப்பரையே வாங்கினார். இதில் அவரவர் விருப்பம்தான். ஆனால் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவைக்கிற வழக்கம் ஒன்று ஊருக்கு ஊர் இருக்கிறதே, அதை மட்டும் செய்யவே கூடாது. ஒரு வாரம் கெட்டியாக இருப்பதுபோல் இருக்கும். பிறகு நழுவி, கிளாம்ப் வெறுமனே நிற்கும். ஸ்டியரிங்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

புஷ்ஷைவிட அதிகப் பணம் போனது இரண்டு இரும்பு ஸ்டாண்டுக்குத்தான். அது வீண் செலவு இல்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு வண்டி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன் மேல் வண்டியை உட்காரவைப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஹாலோ பிளாக் விரிசல் விடுவது தெரியாது, ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு வாங்க முடியாதவர்கள் வண்டியைத் தூக்கி வேலை பார்க்காமல் இருப்பதே மேல். அவர் ஸ்டாண்டு வைத்த பிறகும், கழற்றிய சக்கரம் இரண்டையும் சேசிஸுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

முதல் நாள் மாலையே போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தார்கள். அப்படியும் இடது பக்கக் கிளாம்பின் ஒரு நட்டு அசையவில்லை. வாய் திறந்த ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும் என்று ஆறு முனையும் பிடிக்கிற சாக்கெட்டைப் போட்டு, கைப்பிடியில் இரும்புப் பைப்பைச் செருகி நீளமாக்கினார். ஒரேயடியாக இழுக்கவில்லை. கொஞ்சம் தளர்த்தி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று அரை மணி நேரம் ஆனது. இந்த இடத்தில் பொறுமை இழந்தவர்கள்தான் போல்ட்டை முறித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

அதற்கு முன்பே சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் சுற்றிவிடாதபடி சீட் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தண்டும் பினியனும் சேரும் மூட்டில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், அதற்குத்தான் இந்தக் கோடு. அந்த மூட்டின் போல்ட்டைக் கழற்றி, பிறகு கிளாம்பையும் வலது பக்க போல்ட்டுகளையும் எடுத்தார்கள். பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் குழாய்களையோ டை ராடுகளையோ கழற்றவில்லை. பெட்டியைக் குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தால் போதும் என்ற அளவுக்குத்தான் வேலை. குழாய்கள் இழுபடாமல் இருக்கப் பெட்டியை நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இடது பக்கம் சுலபம். குழாயை அணைத்து உட்காருகிற ரப்பர், அதன் மேல் ‘ப’ வடிவக் கிளாம்ப், அவ்வளவுதான். பழைய ரப்பர் கையோடு வந்தது. விரலால் அழுத்தியபோது மழைக்காலத்து வெல்லம்போல் பிசுபிசுவென்று குழிந்தது. எண்ணெய் குடித்த ரப்பர் அப்படித்தான் ஊறி இளகும். மேலே பார்த்தபோது காரணம் தெரிந்தது. இன்ஜினின் மேல்மூடி கேஸ்கெட்டில் கசிவு. சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில் நேராக அந்தக் கிளாம்பின் மேல் விழுந்து புழுதியோடு சேர்ந்து அடையாகப் படிந்திருந்தது. கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் அதே வழிதான் போகும்.

வலது பக்கம்தான் நேரம் தின்றது. அங்கே ரப்பர், பெட்டியோடு வார்த்த வளையத்துக்குள் இரும்புக் குழலோடு அழுத்தி ஏற்றப்பட்டிருந்தது. சுத்தியலால் தட்டி எடுக்கலாம் என்று தோன்றும். பெட்டி அலுமினிய வார்ப்பு, தட்டினால் வளையம் விரியும் அல்லது வெடிக்கும். நெருப்புக் காட்டி ரப்பரை எரிக்கிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே பவர் ஸ்டியரிங் எண்ணெயும் சீலும் இருக்கும்போது அது இரட்டை ஆபத்து. அவர் செய்தது, லேத் பட்டறையில் பலர் செய்கிற பழைய வழிதான். ஒரு நீளமான, முழுக்க மரை வெட்டிய போல்ட். வளையத்தின் ஒரு பக்கம், புஷ் உள்ளே போகிற அளவு வாய் அகலமான பெரிய சாக்கெட். மறுபக்கம், புஷ்ஷைவிட ஒரு நூல் சின்னதான வாஷர். போல்ட்டை நடுவே கோத்து நட்டை இறுக இறுக, வாஷர் புஷ்ஷைத் தள்ளும், புஷ் சாக்கெட்டுக்குள் இறங்கும். முதல் புஷ் அப்படியே வந்துவிட்டது. இரண்டாவதில் ரப்பர் மட்டும் பிய்ந்து வந்து, வெளிக்குழல் வளையத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஹேக்சா பிளேடை மட்டும் கழற்றி உள்ளே விட்டு, வளையத்தைக் கீறாமல் குழலை மட்டும் ஒரு இடத்தில் அறுத்து, உளியால் மடக்கி எடுக்க மத்தியானச் சாப்பாடு தாண்டிவிட்டது. “இன்னிக்கு முடியலைன்னா நாளைக்குச் செய்யலாம், அவசரத்துல கை வெட்டிக்காதீங்க” என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார்.

புதியதை ஏற்றுவதும் அதே போல்ட், அதே வாஷர்தான், திசை மட்டும் எதிர். வளையத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தார். ரப்பர் வழுக்கி இறங்கச் சோப்புத் தண்ணீர் தடவினார். இதற்கு கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவக் கூடாது, அந்த எண்ணெய்தானே பழைய ரப்பரைக் கெடுத்தது. கோணலாக ஏறுகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திப் பார்த்தார். இடது பக்க ரப்பரில் ஒரு கீறல் இருக்கும், குழாயைச் சுற்றி விரித்துப் போடுவதற்காக. பழையதில் அந்தக் கீறல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் வைத்தார். கழற்றும் முன் மகள் செல்போனில் எடுத்த படம் அங்கே உதவியது.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, பெட்டி தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார்கள். இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். டிராக்டர் மெக்கானிக் ஒருவரிடம் டார்க் ரெஞ்சு இரவல் வாங்கி அந்த அளவுக்கு வைத்தார். ‘நல்லா முறுக்கி விட்டேன்’ என்பது ஸ்டியரிங் போல்ட்டுக்குப் போதாது. அதிகம் முறுக்கினாலும் ரப்பர் பிதுங்கும், மரை இளகும். தண்டு மூட்டின் வெள்ளைக் கோட்டைச் சேர்த்து வைத்து அந்த போல்ட்டையும் மறக்காமல் இறுக்கினார். அந்த ஒரு போல்ட் விட்டுப்போனால் ஸ்டியரிங் சுற்றும், சக்கரம் சுற்றாது. அதனால் அதை மனைவியும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்.

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, காலையில் செய்த அதே சோதனை. அவர் மறுபடி படுத்தார், மனைவி மறுபடி ஸ்டியரிங்கைத் திருப்பினார். பெட்டி அசையவில்லை. டயர்தான் முனகியது. அன்றைக்கு மலைப்பாதைக்குப் போகவில்லை. ஊருக்குள் காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்ததோடு சரி. டை ராடைத் தொடவில்லை என்றாலும் ராக் பெட்டி பழைய இடத்திலிருந்து ஒரு நூல் தள்ளி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை என்பது அந்தச் சின்ன ஓட்டத்திலேயே தெரிந்தது. மறுநாள் டவுனில் வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். அதை வீட்டில் நூல் கட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மலையிறங்கும் வண்டிக்கு மெஷினில் பார்ப்பதே சரி. அதே கையோடு இன்ஜின் கேஸ்கெட்டையும் மாற்றினார்கள். புஷ், கேஸ்கெட், அலைன்மென்ட், ஸ்டாண்டு என எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது.

எல்லா வண்டிக்கும் இதே வேலைதானா என்று கேட்கலாம். இல்லை. பழைய ஜீப், லாரி, டிராக்டர் போன்றவற்றில் ராக் கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும். முன்னால் ஒரே அச்சும் லீஃப் பட்டையும் உள்ள சுமை வண்டிகள் பலவற்றிலும் அப்படித்தான். அங்கே ஆட்டம் வருகிற இடங்கள் வேறு: பாக்ஸின் உட்பகுதி, இணைப்புக் கம்பிகளின் பால் ஜாயிண்ட், கிங் பின். ராக் உள்ள வண்டியிலும் சில மாடல்களில் பெட்டியை முழுதாக வெளியே எடுக்காமல் புஷ் மாற்ற முடியாது. பவர் ஸ்டியரிங் குழாயைக் கழற்ற வேண்டியிருந்தால், அல்லது குறுக்குச் சட்டத்தில் விரிசலோ போல்ட் துளை நீண்டிருப்பதோ தெரிந்தால், வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டியரிங் தண்டில் மின்மோட்டார் வைத்த வண்டிகளுக்கும் ஏர்பேக் உள்ள வண்டிகளுக்கும் தனி முறைகள் உண்டு. ஆனால் கண்டுபிடிக்கும் வேலையை, அதாவது ஒருவர் திருப்ப இன்னொருவர் படுத்துப் பார்க்கும் வேலையை, எந்த வண்டிக்கும் வீட்டிலேயே செய்யலாம். பட்டறைக்குப் போவதானாலும் “இந்த இடத்துல ஆடுது பாருங்க” என்று காட்டிக் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பின்னால் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றினால் முன்பாரம் குறைந்து, எல்லாம் புதிதாக இருக்கும் வண்டியிலேயே ஸ்டியரிங் லேசாகி அலையும். முன் டயரில் காற்று குறைந்தாலும் இழுக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் ரப்பரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் குடும்பமும் அதற்குப் பிறகு, பக்கத்துத் தோட்டத்து மூட்டைகள் அதிகமாகிற நாளில் இரண்டு நடையாக இறக்குகிறார்கள். டீசல் கூடுகிறது என்று அவருக்கு மனக்குறைதான், மனைவி விடுவதில்லை.

ஒரு மாதம் கழித்து அதே களத்தில் வண்டியை நிறுத்தி, டார்க் ரெஞ்சை மறுபடி இரவல் வாங்கிப் போல்ட்டுகளைப் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. கிளாம்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தார், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெறும் புழுதிதான். மகள் பள்ளிக்கூடப் பையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு டவுனில் நோட்டு வாங்க வேண்டியிருந்தது.